பெரிய துரையின் காரில் மூன்று கீறல்

மண்ணெண்ணெய்யும் மெழுகும் அரைத்த கல்பொடியும் கலந்த ஒரு வாசம். போன மாதம் ஹட்டன் கடைத்தெருவில் மழைக்கு ஒரு கராஜின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றபோது அது என் மூக்கில் ஏறியது. உள்ளே ஒருவன் ஒரு காரின் பொனட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வட்டம் வட்டமாக, தோசை வார்ப்பதுபோல.

"வட்டமாத் தேய்க்காதப்பா" என்று என் வாய் என்னைக் கேளாமலே சொல்லிவிட்டது.

அவன் நிமிர்ந்து என் நனைந்த வேட்டியைப் பார்த்தான். "ஐயாவுக்குக் கார் இருக்குங்களா?"

இல்லை. இருந்ததுமில்லை. ஆனால் ஒரு காரின் தோல் எனக்குத் தெரியும். அதன் சொந்தக்காரருக்குத் தெரிந்ததைவிடத் தெரியும். அதில் எந்த இடம் தடிப்பு, எந்த விளிம்பு மெலிவு, எந்த இடத்தில் இன்னும் இரண்டு தேய் தேய்த்தால் அடியில் இருக்கும் சிவப்புப் பூச்சு ரத்தம்போல எட்டிப் பார்க்கும் என்று என் விரல்களுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. மழை விட்டது. நான் நடந்தேன். வாசம் கூடவே வந்தது. பத்து வருடத்துக் கோபமும் வந்தது. அது ஆறிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. ஆறாமல் இருப்பதே நல்லது என்று இப்போது தோன்றுகிறது. ஆகையால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தேயிலை ஃபெக்டரியில் சல்லடைப் பக்கம் நின்று தூசி நெஞ்சில் இறங்கி இருமத் தொடங்கியதால், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரரான பெரிய துரையின் பங்களாவில் கார் கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். தோட்டத்தின் தயவு என்று நினைத்துவிடாதீர்கள். என் அக்காவின் புருஷன் பங்களா டிரைவர். அவர் கேட்டு வாங்கித் தந்த இடம் அது. நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். உயரமான மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிக் கோட்டு. சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லி, மீதியைக் கதவு சாத்துகிற விதத்தில் காட்டுவார். அந்தத் தோட்டத்தின் மூன்றாவது லயத்தில், அதாவது தொழிலாளிகளின் வரிசை வீட்டில், நாலாவது காம்பரா அறையில் பிறந்தவர். அதே காம்பராவில்தான் அவருக்கு மூன்று பிள்ளைகளும் பிறந்தன. அவர் அப்பா அதே லயத்திலிருந்து அறுபது தப்படி தள்ளிப் புதைக்கப்பட்டிருந்தார். மேலே ஒரு கொய்யா மரம் நின்றது.

இதையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம், இது எதுவுமே போதாது என்று அரசாங்கம் சொன்னதுதான். நாடு வெள்ளைக்காரனிடமிருந்து கைமாறிய கையோடு, மலையில் கொழுந்து பறித்தவர்களைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டது. கேட்டால் பரவாயில்லை, சொல்லியிருப்போம். காகிதத்தில் காட்டு என்றது. மச்சான் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். ஆண்டுகள் போய், கடைசியில் விசாரணைக்கு நாள் வந்தது: ஒரு புதன்கிழமை, நுவரெலியாவில். பிறந்ததிலிருந்து விடாமல் இந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார் என்று துரை எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். இரண்டு வரி. தோட்டத்துப் பேரேட்டில் எல்லாம் இருந்தது. பார்த்து எழுதினால் போதும். அந்த இரண்டு வரி இருந்தால் அவரும் அக்காவும் பிள்ளைகளும் இந்த நாட்டுக்காரர்கள். இல்லாவிட்டால் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய துரை சீமைக்குத் திரும்பிப் போவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். காரை, அடுத்து வரும் துரைக்கே விலை பேசியிருந்தார்.

கார் கறுப்பு. மலை நாட்டில் கறுப்புக் காரைப் போல ஒரு தொல்லை இல்லை. பனியில் பார்த்தால் அது ஒரு நல்ல கார். வெயிலில் பார்த்தால், அதன் மேல் நடந்ததெல்லாம் தெரியும்.

இனி என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அடுத்தவருடையதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. கராஜில் பூஜை போடுவது தோட்டத்து வழக்கம். மச்சான் காரைக் கழுவி, பொனட்டில் மூன்று பட்டையாகச் சந்தனம் இட்டு, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்தார். துரைசாணி அம்மாவுக்குக்கூட இதில் ஆசை; ஒரு துண்டு தேங்காய் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை மச்சான் வருவதற்கு முன் நான் கராஜைத் திறந்தேன். சந்தனம் குளிரில் காய்ந்து செங்கல்லாகப் பிடித்திருந்தது. துரை எட்டு மணிக்குப் புறப்பட வேண்டும். தண்ணீர் ஊற்றினேன், போகவில்லை. வேலைக்குப் புதியவன், வந்து இரண்டு மாதம். பளபளப்பு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கோயில் குத்துவிளக்கு. எங்கள் லயத்தில் பித்தளை விளக்கை எப்படித் துலக்குவோமோ, அப்படியே செய்தேன். அடுப்புச் சாம்பல், தேங்காய் நார், கொஞ்சம் புளி. வட்டம் வட்டமாக, மனதார, கையில் இருந்த வலுவெல்லாம் கொடுத்து. சந்தனம் போயிற்று. பொனட் பளிச்சென்று இருந்தது. பனி அடர்ந்து நின்ற காலை அது. நான் என்னை மெச்சிக்கொண்டேன்.

ஒன்பது நாள் பனி விலகவில்லை. ஒன்பது நாளும் என் வேலை நன்றாக இருந்தது.

நடுவில் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை மாலையில் துரை கிளப்புக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போவார், டிரைவர் கூடாது. ஞாயிறு காலை நான் சேற்றைக் கழுவும்போது இடப்பக்கப் பின்கதவில் மூன்று கீறல். ஒரு முழ நீளம். கதவுக் கைப்பிடியில் ஒரு தேயிலை இலை கசங்கி மாட்டியிருந்தது.

பங்களாவுக்கு வரும் பாதையில் ஒரு வளைவு. அந்த வாரம்தான் அங்கே கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. வெட்டிய கிளைகள் ஈட்டி முனைபோல நிற்கும். போய்ப் பார்த்தேன். ஓரத்துச் செடியின் கட்டை ஒன்றில் கறுப்புப் பெயிண்ட் அப்படியே ஒட்டியிருந்தது. சக்கரத் தடம் பாதையை விட்டு இறங்கி, செடியை உரசி, மறுபடி பாதைக்கு ஏறியிருந்தது. இடுப்புக் கத்தியால் அந்தக் கட்டையை ஒரு சாண் வெட்டி எடுத்தேன். தேயிலையில் கத்தி வைப்பது தோட்டத்தில் களவுக்குச் சமம். வைத்தேன்.

மச்சானிடம் காட்டினேன். அவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடுப்புல போடு மாப்ள."

"ஏங்க மச்சான்? தொரை கேட்டா எடுத்துக் காட்டலாம்ல? கண்ணால பாக்கட்டும்."

"தொரை தப்பு பண்ணுனாருன்னு தொரைக்கிட்டயே காட்டி, அவருக்கிட்டயே கையெழுத்தும் வாங்குவியா? புதன்கெழம விசாரணைக்கு இன்னும் பத்து நாளு கெடக்கு. அடுப்புல போடு."

நான் போடவில்லை. லயத்துக் கூரையில் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் செருகி வைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை, ஒன்பது நாளைக்குப் பிறகு வெயில் அடித்தது. வெயிலுக்கு அன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது! புதிய துரை காரைப் பார்க்க வந்திருந்தார், சின்ன வயதுக்காரர், முகமெல்லாம் சிவப்பு. காரை முற்றத்தில் நிறுத்தியிருந்தோம். பொனட்டின் மேல் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி ஆயிரம் வட்டக் கோடுகள், சிலந்தி வலைபோல, நடுவில் சூரியன் சிலந்திபோல. என் சாம்பல், என் நார், என் மெனக்கெடல், அத்தனையும் கையெழுத்துப் போட்டதுபோலத் தெரிந்தது. புதிய துரை குனிந்து பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் நடந்து போய் மூன்று கீறலையும் பார்த்தார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார், சிரித்துக்கொண்டேதான்.

பெரிய துரை அந்தக் கீறல்களைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அவர் முகத்தை நான் பார்த்தேன், அவருக்குத் தெரியும். வளைவு, உரசல், சத்தம், எல்லாம் அந்தக் கண்ணில் ஒரு நொடி வந்து போயிற்று. பிறகு திரும்பி, என் மச்சானைக் காட்டி, "மை டிரைவர்" என்றார். அவ்வளவுதான். இரண்டே சொல். புதிய துரை தலையை ஆட்டிக்கொண்டார்.

"டிரைவர்! இது என்னா?" இது தமிழில், எங்களுக்கு. "நீ பண்ணினதா?"

என் வாய் திறந்தது. மச்சானின் பூட்ஸ் என் வெறுங்கால் மேல் ஏறி நின்றது.

"என் வேலைங்க தொரை."

"சனிக்கெழம நான் போறது. அதுக்கு முந்தி இதெல்லாம் இல்லாம போகணும். புது கார் மாதிரி. பொறகு ஒன் கடுதாசி."

அவர் யாரையும் கை நீட்டி அடித்தவர் அல்ல. அடித்திருந்தால் இதை இவ்வளவு காலம் சுமந்திருக்க மாட்டேன். மூன்று கீறல் அவருடையது. வட்டங்கள் என்னுடையவை. ஒன்றுகூட மச்சானுடையது அல்ல. ஒரு மனிதன் எந்த நாட்டில் பிறந்தான் என்பதற்கும் ஒரு காரின் கதவு மினுங்குவதற்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. புரிந்துகொள்ள மாட்டேன்.

கராஜுக்குள் போனதும் நான் கத்தினேன். "வட்டத்த நான் பண்ணுனேன், சரி. கதவு எதுக்குங்க ஒங்க தலையில?"

"கத்தி முடிச்சியா? முடிச்சிட்டா அந்த டின்னுல என்னா எழுதியிருக்குன்னு படி."

கராஜ் அலமாரியில் மூன்று டின் இருந்தன, துரை கொழும்பிலிருந்து வரவழைத்தவை. நான் ஹட்டனில் மிஷன் பள்ளியில் எட்டாவதுவரை படித்தவன். லேபிளில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சிவப்பு டின்னில் இருக்கும் பசை கரடு. கீறலைச் சுற்றியுள்ள பெயிண்ட்டை மெல்லத் தின்று, கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவரும். பச்சை டின் மெது. சிவப்பு விட்ட தடத்தை எடுக்கும். மூன்றாவது மெழுகு, எல்லாம் முடிந்த பிறகுதான் அது. நிழலில் செய்ய வேண்டும். ஒரு முழத்துக்கு ஒரு முழம் இடம், அதற்கு மேல் எடுக்கக்கூடாது. மெதுவான துணி. நேர்கோட்டில் தேய்க்க வேண்டும், வட்டமாகக் கூடாது.

"வட்டமாக் கூடாதாம்" என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் சிரித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

"மச்சான், ஒண்ணு சொல்றேன். மெழுக மட்டும் தடிப்பாப் பூசிருவோம். பள்ளமெல்லாம் அடைஞ்சிரும். சனிக்கெழம வரைக்கும் தாங்கும்ங்க."

"பொறகு மழை பேஞ்சா?"

"பேயட்டும். அவரு கப்பல்ல இருப்பாரு."

"நான் கப்பல்ல இருக்க மாட்டேனே மாப்ள. அந்தச் செவத்த மூஞ்சிக்கும் நாந்தான் டிரைவர்."

தொடங்கினோம். ஐந்து நாள். மச்சான் கதவு, நான் பொனட். பெயிண்ட் துணியில் கறுப்பாக இறங்கியது; காரின் தோலே கையோடு வந்ததுபோல இருந்தது. தோள்பட்டை எரிந்தது. நேர்கோட்டில் தேய்ப்பது எவ்வளவு கடினம் என்று தேய்த்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கை தானாக வளையப் பார்க்கும். விளக்குத் துலக்கிய கை, மாவாட்டிய கை, எல்லாம் வட்டமாகவே வாழ்ந்த கை.

எங்களுக்கு இருந்த பெரிய சங்கடம் வேறு. தேய்ப்பது நிழலில். ஆனால் வட்டம் போய்விட்டதா என்று பார்க்க வெயில் வேண்டும். வெயிலோ மலையில் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். எஞ்சினைப் போட்டுக் காரை வெளியே எடுத்தால் துரை ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். அதனால் குசினிக்காரரிடம் சொல்லி வைத்தோம். துரைக்குச் சமைக்கும் அந்தக் கிழவருக்கு வாய் சும்மா இராது. குசினி வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார், மேகம் கொஞ்சம் கிழிந்தால், "வெயிலுடோய்!" என்று கூவுவார். நானும் மச்சானும் தோட்டக்காரனும் காரைத் தள்ளி முற்றத்துக்குக் கொண்டு வருவோம். குனிந்து பார்ப்போம். பார்த்து முடிப்பதற்குள் பனி மூடும். திரும்பத் தள்ளுவோம். ஒரு நாள் பதினோரு தடவை தள்ளினோம்.

"என்னாப்பா, காருக்குக் கல்யாணமா?" என்பார் குசினிக்காரர். "நலுங்கு வச்சுத் தேய்க்கிறீங்க. மாப்பிள்ளை எந்த ஊருக் காரு?"

"ஒங்க மூஞ்சிக்கும் கொஞ்சம் இருக்கு, வர்றீங்களா?" என்று நான் சிவப்பு டின்னைக் காட்டினேன்.

"என் மூஞ்சிக்கு அந்த டின்னு பத்தாது தம்பி. லாரியில வரணும்."

மூன்றாம் நாள் துணி தீர்ந்தது. துரை கொடுத்த பிளானல் துணி பெயிண்ட் ஏறி மட்டையாகிவிட்டது. சாக்கைத் தொடவே கூடாது. என் பழைய வேட்டியில் ஒரு முடிச்சு இருந்து, அது புதிதாக ஒரு கோடு போட்டது. அந்தக் கோட்டை எடுக்க அரை நாள். மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு அக்கா கராஜ் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, கூடை உரசிவிடும் என்று. மடியிலிருந்து மடித்த சீலை ஒன்றை எடுத்தாள்.

"இந்தாங்க. மூணு புள்ளையும் தூங்குன தூளிச் சீலை. இதவிட மெதுவான துணி இந்தத் தோட்டத்துலயே கெடையாது."

மச்சான் வாங்கத் தயங்கினார். "இதுலயா?"

"வேற எதுல? தொரையோட காருக்கு ஒரசுனா வலிக்குமாக்கும்!" என்றாள். பிறகு குரலை இறக்கி, "தொவைச்சுத் திருப்பித் தர வேணாம். கறுப்புப் போகாது."

நூறு முறை துவைத்து நூல் நூலாக மெலிந்த சீலை. அதை நாலாகக் கிழித்தார் மச்சான். கிழியும்போது சத்தமே வரவில்லை, அவ்வளவு நைந்திருந்தது. அதில்தான் பச்சை டின் முழுவதும் போயிற்று. மூன்று பிள்ளைகளின் வாயோரப் பால் ஊறிய துணியால் ஒரு துரையின் பொய்யைத் துடைத்தோம். இதை இப்படி எழுதும்போது கொஞ்சம் அலங்காரமாகத் தெரிகிறது. என்ன செய்வது? நடந்தது இதுதான்.

கதவுக் கீறலில் மச்சான் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்பார். நகம் தடுக்காமல் போனால் பசைக்குப் போகும், தடுக்கினால் ஆழம். முதல் இரண்டும் தடுக்கவில்லை. மூன்றாவதில் நகம் நின்றது. அதற்கு உப்புத்தாள் வேண்டும், மாவைப் போல நைஸானது, தண்ணீரில் ஊறவைத்து, சவர்க்காரம் தடவி. ஒரு இழுப்பு அதிகம் போனால் சிவப்புப் பூச்சு தெரியும்; தெரிந்தால் கதவு முழுவதும் புதுப் பெயிண்ட், அதற்கு நாளும் இல்லை ஆளும் இல்லை. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். கரடாக இருக்கும்போது தாள் 'சர் சர்' என்னும். மட்டமானதும் 'ஸ்' என்று வழுக்கும். அந்தச் சத்தத்துக்காகக் காதைக் கதவோடு வைத்திருந்தார். நான் மூச்சு விடவில்லை. வெளியே குசினிக்காரர் "வெயிலுடோய்!" என்றார். நாங்கள் இருவரும் அசையவில்லை. அந்த வெயில் வீணாய்ப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மெழுகு. குளிரில் டின்னுக்குள் கல்லாகிக் கிடந்ததைக் குசினி அடுப்போரம் வைத்து இளக்கினோம். பூசி, காயவிட்டு, சீலையின் கடைசித் துண்டால் துடைத்தோம். வெயில் வந்தது. தள்ளினோம். பொனட்டில் சூரியன் இருந்தது, சூரியன் மட்டும் இருந்தது. வலை இல்லை. கதவில் மலை தெரிந்தது, மலையில் ஏறும் பாதை தெரிந்தது, கூடையோடு போகும் பெண்கள் தெரிந்தார்கள். மூன்றாவது கீறல் இருந்த இடத்தில், மிகச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் ஒரு மயிரிழை. அதை மச்சானும் நானும் தவிர யாராலும் பார்க்க முடியாது.

"சந்தனம் வைக்கலாம்போல இருக்கு" என்றார் குசினிக்காரர்.

"வச்சா ஒங்க கைய ஒடைப்பேன்" என்றேன்.

சனிக்கிழமை காலை பெரிய துரை படியிறங்கி வந்தார். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பின்கதவின் முன் நின்று, விரல் நுனியால் தடவினார். தொப்பியைச் சரி செய்துகொண்டார், அந்தக் கறுப்பில் தன் முகத்தைப் பார்த்து. "நல்லா இருக்கு, டிரைவர்" என்று கோட்டுப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தார். மச்சான் இரண்டு கையாலும் வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. உறையை என் கையில் தந்துவிட்டுப் பெட்டிகளை ஏற்றப் போனார்.

நான் தூண் மறைவில் நின்று படித்தேன். லேபிளைப் படித்த அதே எழுத்துக்கூட்டல். இதைக் கொண்டுவருபவர் எனக்கு டிரைவராக இருந்தவர். குடிப்பதில்லை. நேரத்துக்கு வருவார். காரை, சிறப்பாக அதன் பெயிண்ட்டை, மிக நன்றாகப் பராமரிப்பவர். யாரும் இவரை நம்பி வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கையெழுத்து.

திரும்பவும் படித்தேன். பின்பக்கம் பார்த்தேன். பிறந்தது இல்லை. லயம் இல்லை. தோட்டம் இல்லை. ஒரு வருடக் கணக்குக்கூட இல்லை. மூன்று முறை சொல்லியிருந்தோம், தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரை வைத்துக்கூட ஒரு முறை சொல்லியிருந்தோம், என்ன கடிதம் வேண்டும் என்று. டிரைவர் கடிதம் கேட்கிறான் என்றால் நற்சாட்சிக் கடிதம். வேறு என்ன கேட்கப் போகிறான்? அவருக்கு அவ்வளவுதான் காதில் விழுந்திருக்கிறது. அது கெட்ட மனதாக இருந்திருந்தால் என் கோபத்துக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

ஓடிப்போய் மச்சானிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பெட்டியை இறக்கினார். துரை அதற்குள் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் துரைசாணி. கதவு இன்னும் திறந்திருந்தது. மச்சான் கதவின் விளிம்பில் கை வைத்துக் குனிந்தார். அவர் அப்படிக் கை வைத்து நான் பார்த்ததில்லை.

"தொரை, ஒரே ஒரு வார்த்தைங்க. இது வேற கடுதாசிங்க. நான் இங்கதான் பொறந்தேன்னு, இந்தத் தோட்டத்துலயே இருக்கேன்னு ரெண்டு வரிங்க தொரை. புதன்கெழம விசாரணை. அஞ்சு நிமிசங்க."

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரயிலுக்கு நேரம். புது தொரைக்கிட்ட கேளு."

"அவருக்கு எப்படிங்க தெரியும்? ஒங்களுக்குத்தானே…"

துரையின் கண் மச்சானின் முகத்தில் இல்லை. கதவில் இருந்தது.

"கைய எடு" என்றார். "அடையாளம் விழும்."

மச்சான் கையை எடுத்தார். மெழுகின் மேல் நாலு விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன. பையிலிருந்து தூளிச் சீலையின் துண்டை எடுத்தார். துடைத்தார். நேர்கோட்டில். கதவைச் சாத்தினார், சத்தமில்லாமல். முன்னால் ஏறி உட்கார்ந்து, அவரை ஹட்டன் ரயிலடிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

புதிய துரை, தான் வந்து ஒரு வாரம்தான், தெரியாததற்குக் கையெழுத்துப் போட முடியாது என்றார். பழைய பேரேடுகளைக் கொழும்பில் உள்ள கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்களாம். புதன்கிழமை விசாரணை அதிகாரி அந்தக் கடிதத்தை மேலும் கீழும் படித்து, "நல்ல டிரைவர் போல" என்று சிங்களத்தில் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லி, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சில மாதங்களில் மனு தள்ளப்பட்டதாகத் தபால் வந்தது. என் மனு வேறொரு மேசையில் கிடக்கிறது. இன்னும் கிடக்கிறது.

மூன்று வருடம் போயிற்று. மச்சான் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தார். அவர் பார்த்தே இராத நாடு அது. அவர் தாத்தாவின் ஊரின் பெயர் மட்டும் தெரியும். ஹட்டன் ரயிலடியில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னார்ப் பக்கம் போகிற கூட்டம். ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை, அம்மிக்கல்லைக்கூட அக்கா விடவில்லை. பிள்ளைகள் ரயில் என்றதும் குதித்தன. அக்கா அழுது முடித்துவிட்டு, அழாதே என்று என்னைத் திட்டினாள். நான் அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, வேறு ஏதோ வந்தது.

மச்சான் ஜன்னலில் கை வைத்து நின்றார். காக்கிக் கோட்டு இல்லை. அது தோட்டத்துச் சொத்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் கறுப்புக் கோடு ஒன்று அப்போதும் இருந்தது. புதிய துரையின் காரை முந்தாநாள்வரை தேய்த்துக் கொடுத்தவர் அவர்.

விசில் ஊதினார்கள். வண்டி ஒரு முறை குலுங்கியது. அவர் என்னைக் குனிந்து பார்த்தார்.

"மாப்ள, அந்தக் கட்டைய அடுப்புல போட்டியா?"

"இல்லங்க மச்சான். கூரையில இருக்கு."

"போட்றாத."